இருபத்தேழாவது கட்டை

அழைப்பு மணி அடித்தால் அவர் உடனே எழுந்திருக்க மாட்டார். டிங் என்று தொடங்கி, டாங் என்று இறங்கி, அந்த டாங்கின் கடைசி இழை சுவரில் தேய்ந்து மறையும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அதன் பிறகுதான் கதவு. அதற்குள் தபால்காரர் இரண்டு மாடி இறங்கியிருப்பார். "மணி அடிச்சா கதவைத் திறக்கணும். கச்சேரி கேக்கிற மாதிரி உக்காந்திருந்தா எப்படி?" என்று மனைவி கேட்பார். அவர் பதில் சொல்வார். ஆனால் மனைவி பேசி முடித்து, அந்தக் குரலும் அடங்கிய பிறகு. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் எத்தனையோ சண்டைகள் இதனாலேயே தொடங்குவதற்கு முன் ஆறிப்போயிருக்கின்றன.

தொழில் அவரை அப்படி ஆக்கிவிட்டது. பழைய சிந்தசைசர் கீபோர்டுகளைக் கைபேசியில் வாசிக்கும் ஆப்பாக மாற்றி விற்கிற சின்ன நிறுவனம் ஒன்றில் அவர் கட்டை அழுத்துகிறவர். மரச் சட்டமும், வரிசையாகத் திருகுகளும், சொந்த ஸ்பீக்கருமாக நாற்பது கிலோவில் ஒரு பெட்டி வந்து இறங்கும். அது சூடேற ஒரு மணி நேரம் ஆகும். சூடேறாமல் வாசித்தால் சுருதி ஓடிவிடும். பிறகு முதல் கட்டையை அழுத்தி, விட்டு, ஒலி முழுக்க அடங்கும் வரை அசையாமல் இருக்க வேண்டும். மைக் அதை எடுத்துக்கொள்ளும். அப்புறம் இரண்டாவது கட்டை. இப்படி அறுபத்தொன்று. "ஒயர்ல எடுத்தா சத்தம்தான் சார் வரும், பெட்டி வராது" என்பது முதலாளியின் கொள்கை. எனவே மைக்கைத் தவிர வேறு வழியில்லை. மைக் இருக்கும் அறையில் மூச்சு விடக் கூடாது.

அவர் விட மாட்டார். அலுவலகத்தில் அதுதான் அவருடைய பெருமை. கைக்கடிகாரம் கட்ட மாட்டார், சட்டைப் பையில் சாவி வைக்க மாட்டார், வயிறு பேசிவிடும் என்று பதிவு நாட்களில் இரண்டு வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொள்வார். காலுறையோடு அவர் நடந்து வருவது பூனைக்கே தெரியாது. மனைவி, மகள் என்று குடும்பம் இருந்தும் அவருக்கு அங்கே 'ஒண்டிக்கட்டை' என்றுதான் பெயர். ஒரு நேரத்தில் ஒரு கட்டைக்கு மேல் அவர் அழுத்தி யாரும் பார்த்ததில்லை.

காலையில் பெட்டியின் தூசியைத் துடைத்து, இரைச்சலைப் போக்கி, அதைப் புதுமாப்பிள்ளை போல உட்கார வைப்பதும் அவர் வேலைதான். ஆப் வெளிவரும்போது அதில் 'பழமை' என்று ஒரு திருகு வைப்பார்கள். அதைத் திருப்பினால் அவர் போக்கிய இரைச்சல் எல்லாம் திரும்பி வரும். அதற்குத்தான் கிராக்கி அதிகம். "பழசுதான் சார் இப்போ புதுசு" என்பார் முதலாளி. அவர் அந்த வாக்கியம் அடங்கக் காத்திருப்பார்.

உண்மையில் அவர் வாசிப்பதற்காகத்தான் வந்தார். நேர்காணலில் ஒரு கட்டையை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினார். அடுத்ததை எப்போது சொல்வார்கள் என்று மூச்சடக்கிக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார்கள். ஒன்பது வருடம் ஆகிறது. ஒவ்வொரு ஆப்போடும் அதன் ஒலியைக் காட்ட இரண்டு நிமிடத்துக்கு ஒரு டெமோ வைப்பார்கள். அதை வாசிக்க வெளியிலிருந்து யாராவது பேர்பெற்ற கலைஞர் வருவார். அவருக்கு நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்து கொடுப்பது நம்மவர். நம்மவரிடமும் சொந்தமாக ஒரு மெட்டு இருக்கிறது. வீட்டில் வாத்தியம் கிடையாது. சாப்பாட்டு மேஜையின் விளிம்பில்தான் பயிற்சி. பத்து விரலும் தையல் மிஷின் மாதிரி ஓடும். சத்தம் மட்டும் வராது. மேஜையைப் பார்த்தே மெட்டில் எந்த இடம் என்று மகள் சொல்லிவிடுவாள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெட்டி வந்தது. இந்த டெமோ உங்களுக்குத்தான் என்று முதலாளி வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவர் அதை இறுகப் பிடித்துக்கொண்டார். பதிவின் இரண்டாம் நாள், கட்டைகளுக்கு நடுவே கிடைத்த ஐந்து நிமிட இடைவேளையில், வேறு ஒருவர் வாசிக்கப்போகிறார் என்று சேதி வந்தது. "சரி சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் இருபத்தேழாவது கட்டையை அழுத்தினார். எடுத்ததை எல்லாம் கேட்டுச் சரிபார்ப்பதும் அவர் பொறுப்புதான். அன்றைக்கு மட்டும் அவர் கேட்கவில்லை. மனம் இல்லை, அவ்வளவுதான்.

ஆப் வெளிவந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோபாவில் படுத்தபடி மகள் கைபேசியில் அதை வாசித்துக்கொண்டிருந்தாள். நாற்பது கிலோ பெட்டி அவளுடைய இரண்டு கட்டைவிரலுக்குக் கீழே அடக்கமாக இருந்தது. அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி குரல் கொடுத்தார்.

"என்னடி, அப்பா வந்துட்டாரா?"

"இல்லையேம்மா. ஏன்?"

"இப்போ பெருமூச்சு விட்டாரே."

மகள் அந்தக் கட்டையை மறுபடி தொட்டாள். ஒலி எழுந்து, மெலிந்து, அடங்கப்போகும் நேரத்தில் மூக்கு வழியாக நீளமாக ஒரு மூச்சு. "ஐயோ அம்மா, இது அப்பாதான்!" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கடையிலிருந்து திரும்பியவருக்கு அதைப் போட்டுக் காட்டினார்கள். ஒன்பது வருடம் கட்டிக் காத்த பெயர். அதில் ஓட்டை விழுந்து, அந்த ஓட்டை ஆயிரக்கணக்கான கைபேசிகளில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

நிறுவனத்துக்குக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. புகார் இல்லை, புகழ்ச்சி. 'இந்தப் பெட்டிக்கு உயிர் இருக்கிறது' என்று ஒருவர் எழுதியிருந்தார். இருபத்தேழாவது கட்டையைக் கேட்டு அழுததாக இன்னொருவர். முதலாளி அவற்றை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, "புது வெர்ஷன்ல அறுபத்தொரு கட்டையிலும் அந்த மூச்சு வேணும் சார். பெட்டியில எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிங்க" என்றார். திருடனிடமே திருட்டைக் கண்டுபிடிக்கச் சொன்ன கதைதான்.

அவரும் ஒலிப்பதிவாளரும் பெட்டியைக் கழற்றினார்கள். ஒலிப்பதிவாளர் ஆறு வருடமாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண். உள்ளே தூசியும், செத்த கரப்பான் பூச்சி ஒன்றும் இருந்தன. மூச்சு விடக்கூடிய நிலையில் எதுவும் இல்லை. அந்தப் பெண் பெட்டியைப் பார்த்தார், பிறகு நம்மவரின் மூக்கைப் பார்த்தார்.

"அண்ணா, இது நீங்கதானே?"

நம்மவர் கரப்பான் பூச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னா பேரு போயிடும். சொல்லாட்டி இன்னும் அறுபது பெருமூச்சு விடணும். உங்களுக்கு எது வசதி?"

பெருமூச்சே வசதி என்று தோன்றியது. மூன்று நாள் முயன்றார். வேண்டுமென்று விட்டால் அது வருவதாக இல்லை. ஒன்று பஞ்சரான சைக்கிள் டியூப் மாதிரி, ஒன்று சளி மாதிரி. "நாடகத்துல ராஜா சாகிற மாதிரி இருக்குண்ணா" என்றார் ஒலிப்பதிவாளர். செத்துப்போன பெரியப்பாவை நினைத்துப் பார்த்தார். பெரியப்பா உயிரோடு இருந்தபோது கொடுத்த தொல்லைகள்தான் வரிசையாக ஞாபகம் வந்தன. நான்காம் நாள் நேரே முதலாளி அறைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டார்.

முதலாளி கோபப்படவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "வெளியில மூச்சு விட்டுடாதீங்க சார். ஜனங்க பெட்டிக்கு உயிர் இருக்குன்னு நம்புறாங்க. அது உங்க மூக்குன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றார். பிறகு தாடையைத் தடவிக்கொண்டு, "மீதி அறுபதும் எனக்கு வேணும். அதுக்கு உங்களுக்கு என்ன வேணும், கேளுங்க" என்றார்.

அவர் ஒலி அடங்கக் காத்திருக்கவில்லை. ஒன்பது வருடத்தில் முதல் முறையாக இன்னொருவர் குரல் அடங்கும் முன்பே பதில் சொன்னார். "டெமோ நான் வாசிக்கிறேன் சார்."

கிடைத்துவிட்டது. அதோடு பெருமூச்சு சுத்தமாக நின்றுபோனது. "சிரிச்ச முகமா உக்காந்துட்டு விட்டா கொட்டாவி மாதிரி இருக்கு. முதல்ல நீங்க வாசிச்சு முடிங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஒலிப்பதிவாளர் கையை விரித்துவிட்டார். அந்த வாரம் முழுக்க வீட்டில் மேஜை விளிம்பு தேய்ந்தது. அழைப்பு மணிக்குக்கூட உடனே எழுந்து போனார். மனைவிக்கே பயம் வந்துவிட்டது.

டெமோ அன்று மனைவியும் மகளும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளிக்கு அருகில் அவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தது. உள்ளே அவர் இஸ்திரி போட்ட சட்டையில், காலுறையோடு, தன் நாற்காலியின் உயரத்தைத் தானே சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. மெட்டின் முதல் கட்டையை அழுத்தினார். வட்டமாக, நல்ல கனத்தோடு எழுந்தது ஒலி. மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது கட்டைக்கு விரல் போகவில்லை. முதல் ஒலி இன்னும் காற்றில் இருந்தது. அதன் மேல் இன்னொன்றைப் போட விரலுக்கு மனம் வரவில்லை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒலி அடங்கியது. இரண்டாவதை அழுத்தினார். அதுவும் அடங்கும் வரை காத்திருந்தார். மேஜைக்குச் சத்தம் இல்லாததால் இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்று. மூன்றாவது கட்டையும் மெதுவாக அடங்கிக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கரில் முதலாளியின் குரல் கேட்டது.

"சார், ஆரம்பிக்கலாமா?"

"ஆரம்பிச்சுட்டேன் சார்" என்றார் அவர்.

அவர் தன் கைகளை ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். விரல்களை அசைத்துப் பார்த்தார், நன்றாகத்தான் அசைந்தன. நான்காவது கட்டையை அழுத்தினார். அது தேய்ந்து, அடங்கப்போகும் நேரத்தில், அவரைக் கேட்காமலே மூக்கு வழியாக நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது. கண்ணாடிக்கு அப்பால் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலாளி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, "இதேதான்! நிறுத்தாதீங்க!" என்று ஒலிப்பதிவாளரின் காதில் சொன்னார். அந்தப் பெண் விளக்கை அணைக்கவில்லை. தாளில் அந்த மூச்சுக்கு ஒரு கோடு போட்டுவிட்டு, மெட்டு போதுமா என்பதுபோல் கண்ணாடி வழியாக நம்மவரைப் பார்த்தார்.

அவர் போதும் என்று தலையை ஆட்டினார். பெட்டியின் இடது ஓரத்துக்கு நாற்காலியை நகர்த்திக்கொண்டு, வலது கை ஆள்காட்டி விரலால் அறுபத்தொன்றில் முதல் கட்டையை அழுத்தினார். மைக்குக்கு எட்டாமல், தொடையின் மேல், இடது கை அந்த மெட்டை முழு வேகத்தில் வாசித்துக்கொண்டிருந்தது.