அருள்சாமியின் மோட்டார் சுதி

அருள்சாமி போன மாசியில் இறந்தார். அடக்கத்துக்கு வந்தவர்கள் அவரை நல்ல ட்ரம்பெட்காரர் என்றார்கள். பிறவியிலேயே வந்த வித்தை என்றும் சிலர் சொன்னார்கள். அவருடைய கடைசி சில வருடங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

வடவாற்றுப் பாசனத்தில் உள்ள சின்ன ஊர். அதற்கு ஒரு மாதா கோயில், கோயிலுக்கு ஒரு பேண்டு செட். சிவப்புக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை. கல்யாணம், தேர்பவனி, அடக்கம் எல்லாவற்றுக்கும் அவர்கள்தான். வருடத் திருவிழாவின் முதல் நாள் கொடியேற்றம். மாதா படம் போட்ட கொடி கயிற்றில் ஏறத் தொடங்கும்போது முதல் ட்ரம்பெட் மட்டும் தனியாக ஊதும். கொடி பாதிக் கம்பத்தைத் தாண்டிய பிறகுதான் மற்ற வாத்தியங்கள் சேரும். முப்பது வயதிலிருந்து அந்தப் பாதிக் கம்பம் அருள்சாமியுடையது. மற்ற நாட்களில் அவர் குறுவையும் சம்பாவும் உளுந்தும் போடும் சாதாரண விவசாயி.

ஐம்பத்தாறாவது வயதில், பவர் டில்லரை ஸ்டார்ட் செய்யும்போது கைப்பிடி பின்னடித்தது. மேல்வரிசை முன்பற்கள் போயின. தஞ்சாவூருக்குப் போய்க் கழற்றி மாட்டும் பல் கட்டிக்கொண்டார். சாப்பிட முடிந்தது, பேச முடிந்தது. ஊத முடியவில்லை. உதட்டை இறுக்கினால் பல் ஆடியது, காற்று பக்கத்தில் கசிந்தது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி பாத்திமா மேரியிடமும் சொல்லவில்லை.

மேலத்தெருக் கிழவி ஒருத்தியின் அடக்க ஊர்வலத்தில் அது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. பாட்டின் நடுவில் பல் செட் கழன்று, ட்ரம்பெட்டின் வாய்க்குமிழில் இடித்து, தெருவில் விழுந்தது. பிறகு பெட்டிக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. இறந்தவளின் மகனே துண்டைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டான். அருள்சாமி குனிந்து, மண் ஒட்டிய பல்லை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். கல்லறை வரைக்கும் ட்ரம்பெட்டை வாயில் வைத்தபடி நடந்தார். ஊதவில்லை, விரல்கள் மட்டும் ஓடின. அவர் ஊதாதது யாருக்கும் குறையாகப் படவில்லை. சிரிப்பைவிட அதுதான் அவரை அதிகம் சுட்டது.

அதற்குப் பிறகு முதல் ட்ரம்பெட் ரெமிஜியஸிடம் போனது. ரெமிஜியஸ் அவருடைய சித்தப்பா மகன். கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்தார், பேண்டு செட்டையும் அவர்தான் நடத்தினார். பெரிய தாளத் தட்டுகளை அருள்சாமியின் கையில் கொடுத்து, "கொஞ்ச நாளைக்குத்தான் அண்ணே, பல்லு பழகட்டும்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, இரக்கமாகத்தான் சொன்னார். அந்த இரக்கம் அருள்சாமிக்குப் பொறுக்கவில்லை.

வயலில் ஒரு மோட்டார் கொட்டகை இருந்தது. பழைய மோட்டார். ஓடினால் பக்கத்தில் நின்று பேசுவதே காதில் விழாது. அருள்சாமி ட்ரம்பெட்டை உரச்சாக்கில் சுற்றி அங்கே கொண்டுபோனார். மோட்டாரைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஊதினார். குறுவைக்குத் தண்ணீர் இறைத்த நாட்களில் இது யாருக்கும் தெரியவில்லை. ஐப்பசி வந்தது. வயலெல்லாம் வெள்ளம் நிற்க, அருள்சாமியின் மோட்டார் மட்டும் ஓடியது. இறைத்த தண்ணீரை வாய்க்காலிலேயே விட்டார். பக்கத்து வயல் சிங்காரவேலு குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று, "என்ன அருளு, பேஞ்சது பத்தலையா?" என்று கேட்டார். ஓட்டாமல் போட்டால் மோட்டார் இறுகிவிடும் என்று அருள்சாமி சமாளித்தார்.

வாய்க்குமிழை உதட்டின் நடுவில் வைத்தால் பொய்ப்பல் தாங்காது. அதனால் வலது ஓரத்துக்கு, சொந்தப் பல் இருந்த இடத்துக்கு நகர்த்தினார். முப்பது வருடப் பழக்கத்தை உதடு விடவில்லை. வெடித்தது, புண்ணானது, ஆறியது, மறுபடி வெடித்தது. வீட்டில் காரம் ஒதுக்கிச் சாப்பிட்டார். வெயில் கொப்புளம் என்று பாத்திமா மேரியிடம் சொன்னார். ஓரமாக வைத்து ஊதும்போது முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணிப்போகும். கொட்டகையில் அதைப் பார்க்க ஆளில்லை.

துணைக்கு இருந்தது மோட்டாரின் முனகல்தான். அதையே சுதியாக வைத்துக்கொண்டார். ட்ரம்பெட்டின் சுரம் ஒன்று அதோடு ஏறக்குறைய ஒட்டியது. முழுசாக ஒட்டுவதற்கு, சுரம் ஏறும்படி சுதிக்குழாயைக் கொஞ்சம் உள்ளே தள்ளினார். அப்புறம் அதைத் தொடவே இல்லை. கொட்டகை ஈரத்தில் குழாய் பச்சை பூத்து, அந்த இடத்திலேயே இறுகிக்கொண்டது.

மறு வருடத் திருவிழா தாளத் தட்டோடு போயிற்று. அதற்கடுத்த திருவிழாவுக்கு முன் அருள்சாமி தையல்கடைக்குப் போய், கொடியேற்றத்தைத் தனக்குத் திருப்பித் தரும்படி கேட்டார். ரெமிஜியஸ் தைப்பதை நிறுத்தினார்.

"ஊதுவீங்களா அண்ணே?"

"ஊதுவேன்."

"ஒரு நாள் ஒத்திகைக்கு வாங்க."

வருவதாகச் சொன்னார். போகவில்லை. போனால் சுதி சேர்க்கச் சொல்வார்கள், கோணல் வாயைப் பத்துப் பேர் நிதானமாகப் பார்ப்பார்கள். திருவிழா அன்று, சாமியார் கொடியை மந்திரித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் வந்து நின்றார். ரெமிஜியஸ் எதுவும் கேட்க முடியவில்லை.

கொடி ஏறியது. அருள்சாமி ஊதினார். பாதிக் கம்பம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. கூட்டம் அண்ணாந்து நின்று கேட்டது. சென்னையிலிருந்து வந்திருந்த மகள் ஆஷ்லின், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மற்ற வாத்தியங்கள் சேர்ந்தன. ஒரே பாட்டை இரண்டு ஊர்க்காரர்கள் வாசிப்பதுபோல் இருந்தது. சுதியில் ட்ரம்பெட் மேலே நின்றது, பேண்டு கீழே நின்றது. மற்றவர்கள்தான் இறங்கிவிட்டார்கள் என்று நினைத்து அருள்சாமி இன்னும் ஓங்கி ஊதினார். முன்வரிசையில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். குழாயை வெளியே இழுக்கச் சொல்லி ரெமிஜியஸ் சைகை காட்டினார். அருள்சாமி இழுத்தார். வரவில்லை. ட்ரம்பெட்டை முழங்காலுக்கு நடுவில் வைத்து இரண்டு கையாலும் இழுத்தார். கொடி உச்சிக்குப் போய், வெடி வெடித்து, எல்லோரும் கைதட்டியபோது அவர் அப்படியே குனிந்து குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டில் திருவிழாச் சாப்பாட்டை அவர் தொடவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

மழையில் மோட்டார் ஓடிய கதையைப் பாத்திமா மேரி மறுநாள் மகளிடம் சொன்னார். அவருக்கு எல்லாமே தெரிந்திருந்தது, உரச்சாக்கு உள்பட. ஆஷ்லின் மின் பொறியாளர். அப்பாவைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய், மோட்டாரைப் போட்டு, ஊதச் சொன்னாள். ட்ரம்பெட்டும் மோட்டாரும் ஒரே சுரத்தில் நின்றன. அவள் மோட்டாரை நிறுத்தினாள்.

"அப்பா, இது கரெண்டோட அதிர்வுக்குத்தான் முனகும். கரெண்டு நொடிக்கு அம்பது, முனகல் அதுக்கு ரெட்டிப்பு, நூறு. உங்க பேண்டுல அப்படி ஒரு சுரமே கிடையாது. இருக்கற சுரத்துக்குக் கொஞ்சம் மேல நிக்குது."

"அப்ப மோட்டார் தப்பு."

"மோட்டார் சரியாத்தான் ஓடுது."

அருள்சாமி ஸ்டார்ட்டர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இத்தனை நாளா நான் கரெண்டுக்குப் பக்கவாத்தியம் வாசிச்சிருக்கேன்" என்றார். ஆஷ்லினுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. போனில் சுரம் காட்டும் ஆப் இருக்கிறது, அதை வைத்து இங்கேயே பழகலாம் என்றாள். அவர் போனை வாங்கி, ஒரு சுரம் ஊதி, முள் ஆடுவதைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுவும் கொட்டாய்க்குள்ளதானே, பாப்பா."

அன்று சாயங்காலமே தையல்கடைக்குப் போனார். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பட்டறையில் சூடு காட்டி, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்த பிறகுதான் குழாய் வந்தது. ரெமிஜியஸ் கடைவாசலில் ஒரு முக்காலி போட்டார். எதிரே மினிபஸ் நிற்கும் இடம். அந்த முக்காலியில் உட்கார்ந்து, புதிதாகக் கற்பவன் மாதிரி, அருள்சாமி ஒரே சுரத்தை நீட்டி நீட்டி ஊதினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் கோணல் வாயைப் பார்த்தார்கள். சில பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். மோட்டார் சுதிக் கதை அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது.

"அண்ணே, சுதி வேணும்னா சொல்லுங்க" என்றார் ரெமிஜியஸ். "தையல் மிஷின்லயும் ஒரு மோட்டார் இருக்கு."

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அருள்சாமியின் காது மடல் சிவந்தது. மறுபடி ஊதினார். வீட்டுக்கு வந்து, இனிமேல் அங்கே போகப்போவதில்லை என்றார். மறுநாள் சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அந்த வருடம் முழுக்க இப்படித்தான் போனது. சொல்லுவார், போவார். ரெமிஜியஸ் தைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "மேல இருக்கு" என்பார். இன்னும் மேலே, இன்னும் கொஞ்சம் என்பார். உதடு மோட்டாரையே பிடித்துக்கொண்டிருந்தது. கற்பதைவிட மறப்பதற்கு அதிகப் பாடுபட வேண்டியிருந்தது. மறுபடி உதடு வெடித்தது. இந்த முறை கடைத்தெருவே அதைப் பார்த்தது.

அடுத்த கொடியேற்றத்துக்கு அருள்சாமி எல்லோருக்கும் முன்னால் வந்தார். நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டம் சேரும்வரை காத்திருந்து, ரெமிஜியஸ் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "தம்பி, ஒரு சுரம் குடு" என்றார். வாயைக் கோணி ஊதினார். சேரவில்லை. குழாயைக் கொஞ்சம் இழுத்தார், மறுபடி ஊதினார். வேடிக்கை பார்க்க வந்திருந்த சிங்காரவேலு உட்பட ஊரே பார்த்தது. கழுத்து வரை சிவந்துபோனார். ஆனாலும் சேரும்வரை விடவில்லை.

கொடி ஏறியது. பாதிக் கம்பத்தில் மற்ற வாத்தியங்கள் சேர்ந்தன. சேர்ந்ததே யாருக்கும் தெரியவில்லை. கொடி உச்சிக்குப் போகும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. கைகுலுக்க வந்தவர்களுக்குத் தரையைப் பார்த்துக்கொண்டே கை கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பாத்திமா மேரியிடம் கேட்டார்.

"வாய் ரொம்பக் கோணலாத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"சரி, சோத்தைப் போடு" என்றார்.