கைப்பேசியை நான் மறக்கவில்லை

மாதங்கியின் விளக்கக் கடிதத்துக்கு வரிசை எண் போட்டுக் கோப்பில் சேர்த்தவள் நான்தான். ஹைதராபாத்தில் பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் எனக்கும் அவளுக்கும் அடுத்தடுத்த மேஜை. பதினாறு வருடமாக ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கை வைத்துச் சாப்பிட்டவர்கள். அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் பாசம் இருக்கும், கொஞ்சம் பொறாமையும் இருக்கும். இரண்டையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.

அவள் பிறந்தது மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பில். கல்யாணத்துக்குப் பிறகும் வாடகை வீடு அதே மெட்டுகுடாவில்தான். கணவர் வாசு ஒரு பொதுத்துறை ஆலையில் மேற்பார்வையாளர். ஒரே மகன் அச்யுத் 2010இல் புனேவுக்குப் படிக்கப் போனான். அம்மாவுக்குப் பொழுது போக வேண்டுமே என்று ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்து, ஃபேஸ்புக்கில் கணக்கும் தொடங்கி வைத்துவிட்டுப் போனான். பையன் நல்லெண்ணத்தோடுதான் செய்தான். வினை அதில்தான் ஆரம்பித்தது.

முதலில் மகனின் படங்களைப் பார்த்தாள். பிறகு ஒன்றுவிட்ட தங்கைகள் வந்தார்கள், பள்ளித் தோழிகள் வந்தார்கள், யாரென்றே தெரியாதவர்களும் வந்தார்கள். எவள் அடை வார்த்துப் படம் போட்டாலும் இவள் பாராட்டியாக வேண்டும். போதாததற்குத் தோட்டம் போடும் விளையாட்டு ஒன்று. வாசலில் இருக்கும் துளசிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்கிறவள், திரையில் இருக்கும் கத்தரிக்காய் வாடிவிடும் என்று அடுப்பில் பாலைப் பொங்கவிடுவாள்.

ஆய்வகத்துக்குள் மட்டும் அவள் வேறு ஆள். கைப்பேசி உள்ளே வரக்கூடாது. காலையில் வாயிலில் ஒப்படைத்து, பித்தளை டோக்கன் வாங்கிக்கொண்டு போக வேண்டும். பெண்கள் வரிசைக்குப் பொறுப்பு புஷ்பா என்கிற ஒப்பந்தக் காவலர். மாதங்கிக்கு அவள் தரும் டோக்கன் எப்போதும் அறுபத்திரண்டு. எங்கள் கணினிகளில் இணையமும் கிடையாது. நான் இரண்டு கோப்பு முடிப்பதற்குள் அவள் ஐந்து முடித்திருப்பாள். குறிப்பு எழுதினால் ஒரு சொல்லை மாற்ற முடியாது.

ஆனால் உதவியாளர் பதவிக்கான துறைத் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டாள். மூன்று வாய்ப்புதான். மூன்றாவது 2012இல். அதுவும் போனால் மிச்சமிருக்கும் பதினான்கு வருடமும் எழுத்தராகவே இருந்து ஓய்வு பெற வேண்டியதுதான்.

"உஷா, விடுப்பு விதிகளைக் கையில எடுத்துண்டு உட்காருவேன். மூணு பக்கம்கூடப் போயிருக்காது. அந்தச் சனியன் டிங்குங்கும். நிமிர்ந்து பார்த்தா ஒன்பது மணி. நேக்கே என்னைப் பார்த்தா அருவருப்பா இருக்கு" என்றாள் ஒரு நாள், சாப்பிடும்போது. கண் கலங்கியிருந்தது.

அணைத்து வைத்துப் பார்த்தாள், மறுபடி போட்டாள். வாசுவிடம் கொடுத்தாள், கெஞ்சித் திரும்ப வாங்கினாள். கடைசியில் ஒரு சாயங்காலம் வாயிலில் டோக்கனை நீட்டாமல், "புஷ்பா, இன்னிக்கு ஃபோன் இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறாள்.

"நக்கோ மேடம், ரூல் இல்ல" என்று அவளும் தனக்குத் தெரிந்த தமிழில் மறுத்திருக்கிறாள். தேர்வைப் பற்றிச் சொன்னதும் மனசு இளகிவிட்டது. ஒன்பது நாள் இப்படி ஓடியது. பதிவேட்டில் திரும்பப் பெற்ற கையெழுத்துக்கான கட்டத்தைப் புஷ்பா காலியாக விட்டுவிடுவாள். அந்த ஒன்பது நாளில் விடுப்பு விதிகளும் பயணப்படி விதிகளும் முடிந்தன.

பத்தாவது நாள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று புஷ்பா மதியமே வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் இடத்தில் நின்ற புதுக் காவலருக்கு இந்த ஏற்பாடு தெரியாது. அன்றைக்குப் பார்த்து மாதங்கிக்குப் பிறந்த நாள். ஆய்வகம் காலியான பிறகு, மாலை ஏழு மணிக்கு, பூட்டிய அலமாரிக்குள் அறுபத்திரண்டாம் எண் அறை விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. ஃபேஸ்புக்கில் ஊர் உலகமே வாழ்த்தியிருக்கிறது. காவலர் அலறியடித்துச் செய்தி சொல்ல, வெடிகுண்டுப் பிரிவு வந்து, நீளக் கம்பியால் அதை எடுத்து மைதானத்து நடுவில் மணல் மூட்டைகளுக்குள் வைத்தது. அங்கேயும் நாலு பேர் வாழ்த்தினார்களாம்.

மறுநாள் மெமோ வந்தது. மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்ற சான்று போனால்தான் தேர்வுக்கு நுழைவுச்சீட்டு. தேர்வுக்கு இருபது நாள்தான் இருந்தது.

பாதுகாப்பு அதிகாரி சாம்பசிவம் முன்னாள் ராணுவத்துக்காரர், வேலூர்ப் பக்கம். அவளைக் கூப்பிட்டு, "மறந்துட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா. ஃபோனை இன்னைக்கே வாங்கிட்டுப் போங்க. முடிச்சுடலாம்" என்றார்.

"ரிஜிஸ்டர்ல ஒன்பது நாள் காலியா இருக்கே சார்?"

"அது அந்தக் காவலரோட தப்பு. நாளையிலேர்ந்து வேற ஆள் வருவாங்க. நீங்க ஏன் அதுல தலையிடறீங்க?"

நானும் அதையேதான் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், "ஞாபக மறதியால் நேர்ந்த பிழையைப் பொறுத்தருள வேண்டுகிறேன்" என்று அழகாக எழுதியும் கொடுத்தேன். "கையெழுத்து மட்டும் போடுடி. பதினாலு வருசம் என் பக்கத்துலயே உக்காந்திருக்கப் போறியா?" என்றேன். வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் கொடுத்தது வேறு காகிதம். எழுத்து மாறாமல் இப்படி இருந்தது: "கைப்பேசியை நான் மறக்கவில்லை. அது கையில் இருந்தால் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் வீணாக்குகிறேன். இரண்டு தேர்வுகளில் தோற்றதற்கு அதுவே காரணம். அது எட்டாத இடத்தில் இருக்க வேண்டும் என்று நானே காவலர் புஷ்பாவை வற்புறுத்தினேன். விதியை எடுத்துச் சொல்லி அவர் மறுத்தார். பிழை முழுவதும் என்னுடையது."

படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அடுத்து வெட்கம் வந்தது. புஷ்பாவுக்கு வேலை போகும் என்பது எனக்கும் தெரியும். தெரிந்துதான் அந்த வரியை எழுதினேன்.

உண்மையைச் சொன்னதால் விசாரணை தொடங்கியது. விசாரணை முடியும்வரை சாதனம் பாதுகாப்பு அலுவலகத்தின் வசம் இருக்க வேண்டும் என்பது விதி. மறந்துவிட்டேன் என்று எழுதியிருந்தால் அன்று மாலையே கைக்கு வந்திருக்கும். கோப்பு மேலே போய் மேலிருந்து கீழே வந்துகொண்டிருந்த அத்தனை நாளும், தேர்வு எழுத விடுவார்களா என்பதே தெரியாமல் அவள் படித்தாள். பஸ்ஸில் படித்தாள், சாப்பாட்டு நேரத்தில் படித்தாள். முதல் வாரம் அடிக்கடி கைப்பையைத் தடவிப் பார்ப்பாள். உள்ளே கைப்பேசி இருக்காது. மறுபடி புத்தகத்தைப் பிரிப்பாள்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை மதியம் இயக்குநரின் உத்தரவு வந்தது. மாதங்கிக்கு வாய்மொழி எச்சரிக்கை. புஷ்பாவுக்கும் எச்சரிக்கை, வேலை தொடரும். சான்றை நானே ஓடிப்போய்த் தட்டச்சு செய்து அனுப்பினேன்.

சாயங்காலம் சாம்பசிவம் கைப்பேசியை மேஜைமேல் வைத்தார். துணைக்கு நானும் போயிருந்தேன்.

"திங்கட்கிழமை வாங்கிக்கறேனே சார்?"

"விசாரணை முடிஞ்சுதும்மா. இனிமே ஒரு நாள்கூட இங்க வச்சுக்க முடியாது. எடுத்துட்டுப் போய்த்தான் ஆகணும்."

மாதங்கி அதைக் கையில் எடுத்தாள். பதினெட்டு நாள் தாங்கியவள் இரண்டு நாளில் கவிழ்ந்துவிடுவாளோ என்று பயந்தேன். அவள் பின்மூடியைக் கழற்றினாள். பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஃபோனை எடுத்துண்டு போறேன் சார். பேட்டரிக்கு ஏதாவது விதி இருக்கா?"

சாம்பசிவம் நிஜமாகவே விதிப்புத்தகத்தைப் புரட்டினார். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். இரண்டு அத்தியாயம் பார்த்துவிட்டு, பேட்டரியைத் தன் இழுப்பறைக்குள் போட்டார்.

திங்கட்கிழமை காலை, உயிரில்லாத அந்தக் கைப்பேசியை அவள் வழக்கம்போல நீட்டினாள். புஷ்பா அறுபத்திரண்டாம் எண் டோக்கனைக் கொடுத்து, "எக்ஸாம் எப்டி மேடம்?" என்று கேட்டாள். "நன்னா எழுதியிருக்கேன்" என்றாள் மாதங்கி.

நன்றாகத்தான் எழுதியிருந்தாள். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் உதவியாளரானாள். இப்போது என் குறிப்புகளைத் திருத்தி அனுப்புவது அவள்தான். அன்று நான் எழுதிக் கொடுத்த வரியை அவள் ஒருநாளும் எனக்கு நினைவூட்டியதில்லை.

தேர்வு முடிந்த வாரத்தில், பேட்டரியை வாங்கிக்கொள்ள அவள் வியாழக்கிழமைதான் போனாள். அதுவும் சாம்பசிவம் இரண்டு முறை ஆள் அனுப்பிய பிறகு.