டிராம்காரர் ட்ராயான் பயணியான கதை

ஒராதியா நகரத்தில் வாழ்நாளெல்லாம் டிராம் ஓட்டிய ட்ராயான், ஓய்வு பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவருடைய மனைவி ஃப்ளோவாரே சபையின் படிக்கட்டிலேயே யூனிஸ் சகோதரியை மடக்கிவிட்டாள்.

"சகோதரி, இந்த மனுஷன நீங்களே பாத்துக்கோங்க. இல்லன்னா நான் எங்கம்மாகிட்டப் போயிடுவேன்."

"உங்கம்மா கர்த்தர்கிட்டப் போய் எவ்வளவோ காலமாச்சே?"

"அங்கதான் போறேங்கறேன்!"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ட்ராயான் காலையில் சீருடை போடுகிற நேரத்துக்கே எழுந்துவிடுவார். அடுப்பங்கரையில் அவள் பின்னாலேயே நின்றுகொண்டு, சோளக்களி கட்டி தட்டுகிறது, தீயைக் குறை என்பார். வீட்டில் சொல்லிச் சொல்லி அலுத்ததும் சபைக்குப் போனார். ஆராதனைக்கு வருகிறவர்களை வாசலில் நின்று "உள்ள போங்க, உள்ள போங்க, வழிய மறைக்காதீங்க" என்று விரட்டியதில் வயதான சகோதரிகள் இரண்டு பேர் பக்கத்துச் சபைக்குப் போய்விடலாமா என்று யோசிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

யூனிஸ் முன்பு பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி. ஓய்வு பெற்ற புதிதில் பிள்ளைச் சத்தமில்லாத வீட்டில் உட்கார்ந்து அழுது தீர்த்தவர். பிறகு முறையாகப் படித்து, வேலையை விட்டு இறங்குகிறவர்களுக்கு வாழ்க்கைப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். பயிற்சி என்றால் உபதேசம் இல்லை. சபையின் பின்னறையில் லிண்டன் பூ டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்பார். பதில் வரும்வரை வாயைத் திறக்க மாட்டார். ட்ராயானிடமும் அப்படித்தான் தொடங்கினார்.

"வேலையில உங்களுக்கு எது ரொம்பப் பிடிச்சுது சகோதரரே?"

"நேரம் தவறாம போய்ச் சேர்றது."

"யாரக் கொண்டுபோய்ச் சேத்தீங்க?"

ட்ராயானுக்கு எரிச்சல் வந்தது. "அதெல்லாம் எதுக்கு? எனக்கு இங்க ஒரு வேலையக் குடுங்க. கடைசி நாள்ல கர்த்தர் முன்னாடி வெறுங்கையோடயா போய் நிப்பேன்?"

"அவர் உங்கள வேலைக்கு எடுத்தாரா, பிள்ளையா எடுத்தாரா?"

தொப்பியை எடுத்துக்கொண்டு அவர் வெளியே போய்விட்டார். யூனிஸ் பின்னால் போய்க் கூப்பிடவில்லை.

ஒரு வாரம் கழித்து அவராகவே வந்தார். உட்காரும் முன்பே சொல்லிவிட்டார்: "ஒரு முகம்கூட ஞாபகம் வரல சகோதரி. படுத்துப் படுத்து யோசிச்சுப் பாத்துட்டேன். இத்தனை வருஷமும் அவங்களுக்கு முதுகத்தானே காட்டிட்டு இருந்தேன்."

"அப்ப நாளைக்கு டிராம்ல ஏறி, அவங்களப் பாத்து உட்காருங்க. யாராவது ஒருத்தருக்காக மனசுக்குள்ள ஜெபம் பண்ணுங்க. வேற எதுவும் செய்யாதீங்க."

செய்யாமல் இருப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டாவது நிறுத்தத்திலேயே, "பிரேக்க இப்படியா மிதிப்பாங்க?" என்று ஓட்டுநர் ரோதிகாவிடம் கத்தினார். அவளுக்கு வேலை பழக்கியதே அவர்தான்.

"அண்ணே, வாய மூடிட்டு வர்றதா இருந்தா வாங்க. இல்லன்னா இறங்கி நடங்க."

ட்ராயான் வாயை மூடிக்கொண்டார். அப்போதுதான் எதிர் இருக்கையில் ஒரு கிழவர் தெரிந்தார். கையில் கட்டு, முகம் மெழுகாய் வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் எழ முடியாமல் தடுமாறியவரை ட்ராயான் தாங்கி இறக்கினார். சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று தடவை ரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர், பெயர் கவ்ரில், ரொட்டிக் கடையில் வேலை பார்த்தவர். அவர் ட்ராயானை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்கள எனக்குத் தெரியுமே. கொட்டற மழையில நான் ஓடி வந்தப்ப என் மூக்குக்கு நேரா கதவச் சாத்திட்டுப் போனவரு நீங்கதான்."

ட்ராயான் சமாளித்தார். "நேரம் ஆயிருக்கும்..."

"எனக்குந்தான் ஆச்சு. என் பெண்டாட்டி பெரிய ஆபரேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி போய்ப் பாத்துடணும்னு ஓடி வந்தேன். நான் போய்ச் சேர்றதுக்குள்ள அவள உள்ள கொண்டு போயிட்டாங்க." ட்ராயானின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவரே முழங்கையால் இடித்தார். "பயப்படாதீங்க, பிழைச்சு வந்துட்டா. அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் என்னத் திட்டிட்டுத்தான் போனா."

ட்ராயான் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பிவிட மனம் வரவில்லை. அன்று கூடவே உட்கார்ந்தார். அடுத்த முறையும் போனார். கவ்ரில் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "வசனம் சொல்ல ஆரம்பிச்சா நர்ஸக் கூப்பிட்டுருவேன்." வசனம் வரவில்லை. ரம்மிச் சீட்டுக்கட்டு வந்தது. கவ்ரில் கூசாமல் ஏமாற்றினார். ட்ராயான் தெரிந்தே தோற்றார்.

"எனக்கு ஊழியம் கிடைச்சுடுச்சு சகோதரி!" என்று பின்னறையில் பெருமையாக அறிவித்தபோது யூனிஸ் சிரித்தார். "ஊழியமா? உங்களுக்கு ஒரு சிநேகிதர் கிடைச்சிருக்காரு. அத எங்கிட்ட வந்து கணக்குக் காட்ட வேண்டாம்."

இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிறு, கவ்ரில் ட்ராயான் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். ஃப்ளோவாரே அவருக்காக மட்டும் உப்பில்லாத முட்டைக்கோஸ் உருண்டைகளைத் தனிச் சட்டியில் வைத்திருந்தாள். கவ்ரில் வந்த ஐந்து நிமிஷத்திலேயே அவரும் அவளும் ட்ராயானைக் கேலி செய்வதில் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள். பிறகு ட்ராயான் கண்ணை மூடி, இரண்டே வரியில் ஜெபித்தார்.

கவ்ரில் கரண்டியைக் கீழே வைத்தார். "நானும் ஆமென் சொல்லணுமா?"

"உங்க இஷ்டம்."

கவ்ரில் தன் சட்டியை எட்டிப் பார்த்தார். "சமைச்சவங்களுக்காகச் சொல்றேன். ஆமென்."