எண்ணெய் ஒதுங்கிய கரையில் அப்பா

விடியலில் வலை எடுக்கப் போன என் கணவர் மீனில்லாமல் திரும்பினார். கால்கள் முழங்கால்வரை கறுத்திருந்தன. தோளில் கிடந்த வலையிலிருந்து தார் போல ஏதோ சொட்டியது.

"கொக்கிளாய்க் கரை முழுக்க இதுதான். வலையும் போச்சு," என்றார்.

ஆழ்கடலில் ஏதோ கப்பல் உடைந்து எண்ணெய் கசிந்ததாகச் சொன்னார்கள். அலை அதைக் கட்டி கட்டியாகக் கொண்டுவந்து போட்டது. நண்டுகள் வளைக்கு வெளியே செத்துக் கிடந்தன. வீட்டுக்குள் இருந்தாலும் பெற்றோல் அடிக்கும் செட்டில் நிற்பது போலத்தான் மணந்தது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு என் மடியிலேயே கிடந்தாள்.

கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்தார்கள். எங்களிடம் மீன் வாங்கி ஊர் ஊராக விற்கும் முல்லைத்தீவு நானா, வெறும் ஐஸ் பெட்டியோடு வந்து நின்றார்.

"ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சனமும் கடல் மீன் எண்டா கிட்ட வருகுதில்லை, தங்கச்சி. என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை."

கணவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். முற்றத்தில் வலையைப் போட்டுவிட்டு அதன் முன்னாலேயே குந்தியிருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், இரண்டு வாய் தின்றுவிட்டு எழும்பிப் போவார்.

அப்படியொரு மத்தியானம் வாசல் படலையடியில் அப்பா நின்றார். தோளில் ஒரு அரிசி மூட்டை.

நான் ஸ்கந்தபுரத்தில் வயல் செய்கிற வீட்டில் பிறந்தவள். கடற்கரைப் பக்கம் பெண் கொடுப்பதில்லை என்பது அப்பாவின் பிடிவாதம். நான் விரும்பித்தான் இவரைக் கட்டினேன். அதன்பிறகு அப்பா என் வீட்டு வாசலை மிதித்ததில்லை. மகள் பிறந்தபோதும் அம்மா தனியாகத்தான் பஸ் ஏறி வந்தா. அன்றைக்கு அப்பா வீடு எதென்று ஆட்களிடம் விசாரித்துத்தான் வந்திருக்க வேண்டும்.

"வாங்கோ அப்பா," என்றேன். மகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் படலையைத் திறந்தேன்.

"றேடியோவிலை சொன்னாங்கள். பிள்ளைக்கு இந்த மணம் ஒத்துக்கொள்ளுதோ?"

கணவர் பதறி எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார். அப்பா அதில் இருக்கவில்லை. வலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது கழுவேலாதோ, தம்பி?"

தம்பி என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"மண்ணெண்ணெய் போட்டும் பாத்தன், மாமா. போகுதில்லை."

"நல்ல துண்டு ஒண்டும் மிஞ்சாதோ?"

"மிஞ்சும். தேடித் தேடி வெட்டோணும்."

"அப்ப வெட்டுவம்." அப்பா போட்டிருந்த சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

"நீங்கள் கை வைக்காதேங்கோ மாமா, லேசிலை போகாது."

அப்பா கேட்கவில்லை. இருவரும் எதிரெதிரே குந்தியிருந்து, எண்ணெய் பிடித்த பகுதிகளை வெட்டி ஒதுக்கினார்கள். எந்த நூல் எங்கே போகிறது என்று அப்பா இடையிடையே கேட்டார். இவர் விரல் வைத்துக் காட்டிச் சொன்னார். சில நாட்களாகக் கேட்காத இவருடைய குரலை நான் குசினி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய, தேங்காயெண்ணெயும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு வந்தேன். கணவரின் கையைத் துடைத்து முடிய, அப்பா தானாகவே கைகளை நீட்டினார். நகக் கண்ணுக்குள் எல்லாம் கறுப்பு. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்தக் கைகளைப் பிடித்திருந்தேன். அவசரப்படாமல் துடைத்தேன். கணவர் கிணற்றடிக்குப் போனதும் அப்பா மெல்லச் சொன்னார்:

"யானை மிதிச்ச வயலைப் பாத்துக்கொண்டு நான் இருந்த மாதிரியே இருக்கிறான், பாவம்."

மறுநாள் அப்பாவும் ஊர்ச் சனத்தோடு சேர்ந்து கரையில் எண்ணெய்க் கட்டிகளை உரப்பைகளில் அள்ளினார். அள்ள அள்ள அலை இன்னும் கொண்டுவந்தது. அதற்கடுத்த நாள், வயலுக்குத் தண்ணீர் கட்ட வேண்டும் என்று புறப்பட்டார். பஸ் வரும்வரை பேத்தியை இறக்கிவிடவேயில்லை.

வலையில் பாதிகூடத் தேறவில்லை. மிஞ்சிய துண்டுகளை ஒன்றோடொன்று முடிந்து, கடலுக்குப் போகலாம் என்று அறிவித்ததும் இவர் போனார். மீன் குறைவுதான். வாங்க வருகிறவர்களும் தயங்கித் தயங்கித்தான் வருகிறார்கள். ஈர மணலைக் கிண்டினால் இன்னும் கறுப்பு தெரிகிறது.

இப்போதெல்லாம் அப்பா அடிக்கடி ஃபோன் பண்ணுகிறார், எனக்கில்லை. இவருக்குத்தான்.

"தம்பி, கடல் என்ன மாதிரி?"

ஃபோனைக் காதில் வைத்தபடி இவர் முற்றத்துக்கு இறங்குவார். காற்று எந்தப் பக்கம், தண்ணீர் என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குவார்.