மூன்றாவது ஆல்பத்தின் குரல்

என் முதல் கிறிஸ்தவப் பாடல் ஆல்பத்தை மேனாம்பேட்டில் ஒரு மாடி அறையில் பதிவு செய்தோம். கீபோர்டும் தபேலாவும் மட்டும். அதில் ஒரு பாட்டின் சரணம் மிக உயரத்தில் போய் நிற்கும். அந்த ஒரு இடத்துக்காகவே சபைகளில் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். இரண்டாவது ஆல்பத்தில் கிட்டார், டிரம்ஸ், கோரஸ் எல்லாம் சேர்ந்தன. ஒவ்வொரு பாட்டையும் அதே உச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். இப்போது கேட்டால் ஜெபத்தைவிட என் பெருமைதான் சத்தமாகக் கேட்கிறது.

அதன்பின் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு அறுவை சிகிச்சை. குரல் நரம்பு கட்டியை ஒட்டிப் போகிறது, குரல் மாறலாம் என்று டாக்டர்கள் முன்பே சொன்னார்கள். கையெழுத்துப் போட்டேன். ஏழு மாதம் கழித்தும் பேச்சு கரகரத்தது. மேலே போனால் குரல் பிளந்து வெறும் காற்றுதான் வந்தது.

அப்போதுதான் ஆவடியில் எங்கள் சபையின் ஆண்டு விழா. விசுவாசித்தால் குரல் வரும் என்று போதகர் அந்தப் பழைய பாட்டைத்தான் கேட்டார். "முடியலன்னு சொல்லிடு" என்றார் என் கணவர். எனக்குச் சொல்ல வரவில்லை. இரண்டு ஆல்பங்களுக்கும் இசையமைத்த தம்பியிடம் போய் நின்றேன்.

"இன்னாக்கா இதுக்குப் போய் பயந்துகினு! உன் வாய்ஸ் தனியா என்கிட்ட கீது. அத்த ஓட்டி உட்றேன். நீ வாய மட்டும் அசை. எவனுக்கும் தெரியாது" என்றார்.

ஒப்புக்கொண்டேன்.

மேடையில் தழும்பை மறைத்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆஃப் செய்த மைக்கைப் பிடித்தபடி நின்றேன். சரணத்துக்கு முன்னால் அந்தப் பதிவில் நான் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கும். அந்த இடத்தில் தோள் உயர வேண்டும். பாடல் முழுக்க அதை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். சரியாகத்தான் உயர்த்தினேன். சபை எழுந்து கைதட்டியது.

போதகர் தன் மைக்கோடு வந்தார். "ஆபரேஷன்ல போன குரலைக் கர்த்தர் திரும்பக் கொடுத்துட்டார்! ஒரு வார்த்தை சாட்சி சொல்லுங்க, சிஸ்டர்" என்று அதை என் வாயருகே நீட்டினார்.

வாய் திறந்தால் தெரிந்துவிடும். கைகளைக் கூப்பித் தலையை ஆட்டினேன். அழுகிறேன் என்று நினைத்து எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

வெளியே செருப்புப் போடும்போது ஒரு அம்மா என் கையைப் பிடித்தார். வேப்பம்பட்டிலிருந்து வந்தவராம். அவர் கழுத்திலும் அதே கோடு. குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"எனுக்கும் இதே ஆபரேசன்தாம்மா. பேச்சுப் பயிற்சிக்கு வரச் சொல்லிகினே கீறாங்க. இனிமே போவ மாட்டேன். உனுக்குக் குடுத்தவரு எனுக்கும் குடுப்பாரு."

சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். கணவர் பைக்கை ஸ்டார்ட் செய்து காத்திருந்தார். ஆனால் அந்த அம்மா என் கையை விடவில்லை.

"அக்கா, மேடையில கேட்டது பழைய ரெக்கார்டிங். என் குரல் இதுதான்" என்றேன்.

கரகரப்பைக் கேட்டதும் அவர் முகம் இறுகியது.

"அப்ப நீ பாடலியா?"

"வாயை மட்டும் அசைச்சேன்."

"சர்ச்சுலயா?"

அவர் கையை எடுத்துக்கொண்டு நடந்தார். "பயிற்சிக்குப் போங்க, அக்கா! நானும் போறேன்!" என்று கத்த முயன்றேன். பாதி காற்றாகப் போனது. அவர் திரும்பவில்லை.

உள்ளே போய்ப் போதகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இதைச் சபைக்குச் சொல்லணுமா?" என்று மட்டும் கேட்டார்.

"சபை முன்னாடிதானே செஞ்சேன், ஐயா."

அடுத்த ஞாயிறு சொன்னேன். சிலர் அழுதார்கள். சிலர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

மூன்றாவது ஆல்பத்தில் சுருதியை இரண்டு கட்டை கீழே இறக்கிப் பாடினேன். சின்னச் சின்ன வரிகள், நடுவே மூச்சுக்கு நிறைய இடம். ஒரு வரியில் குரல் பிளந்தது.

"சரி பண்ணிடவாக்கா?" என்றார் தம்பி.

"வேணாம்பா."

"நல்லாத்தான் கீது" என்று அடுத்த பாட்டுக்குப் போனார்.

அந்த அம்மா பயிற்சிக்குப் போனாரா என்று எனக்குத் தெரியாது. அழைப்புகள் குறைந்துவிட்டன. அழைப்பவர்களிடம் போனிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த உயரமான பாட்டை இனி பாட முடியாது, கீழே இருப்பதைப் பாடுகிறேன்.