கேட்டுப்போட்டுக் குடுத்தது

ரசாக்குக்குப் பேரம் பேச வராது. கோவை ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கேசட் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. யாராவது "கொறைச்சுக் குடுங்க" என்றால் அவருக்குக் கூச்சம் வந்துவிடும். கேட்ட விலைக்கே கொடுத்துவிடுவார், இல்லையென்றால் உள்ளே போய் மனைவி உம்மல் குல்சுமை அனுப்பிவைப்பார். கேசட் முப்பத்தைந்து ரூபாய்தான் என்பதால் பெரிய நட்டம் எதுவும் வந்துவிடவில்லை.

தொண்ணூற்றாறில் கடைக்கு சிடி வந்தது. ஒன்று முந்நூற்று நாற்பத்தைந்து. கேசட்டும் கொண்டுவந்து போடுகிற கம்பெனி ஏஜெண்ட் தம்பிதுரை நாற்பது சிடிகளை இறக்கிவிட்டு, "போட்டிருக்கற வெலைக்கு ஒரு ரூபா கொறைச்சு வித்தாலும் சரக்கு வர்றது நின்னுபோயிருமுங்க பாய்" என்று சொல்லிப் போனார். ஆறு மாதத்தில் ஏழுதான் விற்றது. வருகிறவர்கள் ஆசையாக எடுப்பார்கள், திருப்பி விலையைப் பார்ப்பார்கள், சூடான டம்ளரை வைப்பதுபோல் வைத்துவிடுவார்கள்.

அந்த ஏழில் ஒன்றை வாங்கியவர் வெங்கடம்மாள், கிணத்துக்கடவில் பள்ளிக்கூட டீச்சர். மஸ்கட்டிலிருந்து வந்த தம்பி அவருக்கு ஒரு சிடி பிளேயர் கொண்டுவந்திருந்தான். ஒரு மாதம் கழித்து, வாங்கிப்போன வீணைக் கச்சேரியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார்.

"ஏனுங்க, இதை எடுத்துக்குவீங்களா? காது புளிக்கக் கேட்டுப்போட்டேன். இன்னொண்ணு வாங்கோணும்னா முழு வெலை குடுக்க எனக்குக் கட்டாதுங்க."

ரசாக் அதைப் போட்டு முதலிலிருந்து கடைசிவரை நின்றபடியே கேட்டார். கேசட்டாக இருந்தால் இத்தனை ஓட்டத்துக்கு நாடா இழுத்திருக்கும். இது புதுசு மாதிரியே பாடியது. நூற்றைம்பது கொடுத்து எடுத்துக்கொண்டார். அதன்மேல் இருநூறு என்று சீட்டு ஒட்டி வைத்தார். சாயங்காலத்துக்குள் போய்விட்டது.

மறுநாள் ஒரு பிஸ்கட் பெட்டியை வாசலில் வைத்து, 'கேட்டுப்போட்டுக் குடுத்தது, ரூ.200' என்று எழுதினார். கேட்டு முடித்ததைக் கொடுக்கவும், பெட்டியில் இருப்பதை வாங்கவும் வால்பாறை எஸ்டேட்டிலிருந்துகூட ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஆட்கள் வந்தார்கள்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தம்பிதுரை அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டார்.

"என்னங்க பாய், சொன்னது மறந்துபோச்சா?"

"இது உங்க சரக்கில்லீங்க. வாங்கினவங்க கொண்டாந்து குடுத்தது."

தம்பிதுரை பைக்கை எடுத்தார். அந்த வாரம் புதுப்படக் கேசட்டுகள் வரவில்லை. கேட்டு வந்தவர்கள் அடுத்த வீதிக்குப் போனார்கள்.

"பெட்டியை எடுத்துருங்களேன். அந்த மனுசனோட எதுக்கு வம்பு?" என்றாள் குல்சும்.

"டீச்சரம்மாகிட்ட என்னன்னு சொல்லுவேன்?" என்றார் அவர். சட்டையை மாட்டிக்கொண்டு காந்திபுரத்தில் இருந்த தம்பிதுரையின் ஆபீசுக்கு நடந்தே போனார். அங்கே "ஒருக்கா வந்து அலமாரியைப் பாருங்க" என்று மட்டும் மூன்று தடவை சொன்னார்.

தம்பிதுரை வந்தார். ஆறு மாதம் பெரிதாக அசையாமல் கிடந்த புது சிடிகளில் நாலுதான் மிச்சம் இருந்தன. அப்போது ஒரு மில் சூப்பர்வைசர் அதிலும் ஒன்றை எடுத்து, முழு விலையையும் நீட்டினார்.

"இவ்வளவு வெலை குடுத்து வாங்கறீங்களே?" என்று தம்பிதுரை அவரிடமே கேட்டார்.

"புடிக்கலைன்னா இங்கயே நூத்தம்பதுக்குத் திருப்பிக் குடுத்துக்கலாமுங்களே. அந்தத் தைரியந்தான்."

தம்பிதுரை பிஸ்கட் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். "பெட்டி உள்ள இருக்கட்டுமுங்க. வாசல்ல வேண்டாம்" என்றார்.

மறுநாள் கேசட்டுகளும் அறுபது சிடிகளும் வந்து இறங்கின. அடுத்த வருசம் பொள்ளாச்சியிலும் ஈரோட்டிலும் இருந்த கடைக்காரர்களுக்கு இந்த யோசனையைச் சொல்லிக்கொடுத்தவர் தம்பிதுரையேதான், தன் யோசனை என்று. குல்சுமுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ரசாக் அதைக் கேட்டுச் சிரித்தார். வந்த சரக்கைப் பிரித்து அடுக்கப் போய்விட்டார்.