ஊசி போடாத பதினோரு நாள்

நான் ஆறாவது வரை படித்தவன். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினேன். வீடு காட்டுப்பாக்கத்தில். காலையில் குளித்துத் திருநீறு பூசி, முருகன் படத்துக்கு முன்னால் நின்று வாய்விட்டுக் கூப்பிட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி பட்ட பாட்டில் இதற்கும் பங்கு உண்டு.

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. பம்ப் ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கும்போது மண்ணெண்ணெய் பீய்ச்சியடித்து, அவள் கட்டியிருந்த நைலக்ஸ் புடவையில் தீப்பிடித்துக்கொண்டது. இடது கை, வயிறு, தொடை எல்லாம் வெந்துபோயிற்று. அக்கம்பக்கத்தார் ஈரச்சாக்கைப் போட்டு அணைத்து, பட்டணத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பட்டறையிலிருந்து நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, முகம் மட்டும்தான் அவளுடையதாக இருந்தது.

பிழைத்துவிடுவாள் என்று டாக்டர் சொன்னார். தினமும் காலையில் கட்டைப் பிரித்து, புண்ணைக் கழுவி, மருந்து போட்டுத் திரும்பக் கட்டவேண்டும், அதுதான் நரகம் என்றும் சொன்னார். துணி புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். எத்தனை தண்ணீர் ஊற்றி நனைத்தாலும் பிரிக்கும்போது கொஞ்சம் சதையும் கூடவே வரும்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பெண். அவளுக்கு முதலில் கட்டுப் பிரித்த அன்று, கட்டுப் போடும் அறைக்குள்ளேயிருந்து நர்ஸையும் டாக்டரையும் பெற்ற தாயையும் வாயில் வந்தபடி திட்டினாள். வராந்தாவில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. நம் வீட்டுப் பெண் இப்படி நாலு பேர் முன்னால் கத்தக்கூடாது என்று நினைத்தேன். மாலையில் பார்க்கப் போனபோது என் மனைவியின் காதோரம் குனிந்து சொன்னேன்.

"கத்தாதம்மா. முருகா முருகான்னு சொல்லிகினே இரு. அவன் பாத்துப்பான்."

அதோடு விட்டேனா. நர்ஸிடமும் போய்ப் பெருமையடித்துக்கொண்டேன். என் சம்சாரம் ஊசிகீசி கேட்கிறவள் இல்லை, சாமி பெயரைச் சொல்லியே தாங்கிவிடுவாள் என்றேன். வலிக்குப் போடும் அந்த ஊசி பழகிவிட்டால் விடாது என்று பட்டறையில் ஒருவன் சொல்லியிருந்ததும் மனதில் இருந்தது.

மதிய ஷிப்டுக்கு மாற்றி வாங்கிக்கொண்டு தினமும் காலையில் பஸ் பிடித்துப் போய் அந்த அறைக் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே 'முருகா' என்று ஆரம்பிப்பாள். முதலில் நிதானமாக வரும். பிறகு வேகமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கடைசியில் 'மு' மட்டும் நீளமாக. நான் வெளியே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அந்தச் சின்னப் பெண்ணின் தாயார் ஒருநாள் என்னைப் பார்த்து, "உம் பொண்டாட்டி கோயிலாட்டம் கீறா நைனா. எம் பொண்ணுதான் அன்னிக்கு பேய் மாரி கத்திச்சு" என்றாள். அந்த வார்த்தை எனக்கு இனித்தது. அன்று பட்டறையில் நாலு பேரிடம் சொன்னேன்.

பதினோராம் நாள், வார்டு ஆயா வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா அண்ணாத்தே, உன் ஊட்டுக்காரிக்கு மட்டும் ஊசி வோணான்ட்டியாமே. மனுசனா நீ?"

அதற்கப்புறம்தான் நர்ஸைக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. வலிக்கான ஊசி கொஞ்சமாகத்தான் வருகிறதாம். தாங்கமுடியாமல் கத்துகிறவர்களுக்குக் கட்டுப் பிரிப்பதற்கு அரைமணி முன்னால் போட்டுவிடுவார்களாம். அந்தச் சின்னப் பெண்ணுக்கு முதல் நாளைக்குப் பிறகு தினமும் போடுகிறார்களாம். "உங்க வீட்டம்மா கேக்கவே இல்லை. நீங்களும் வேணாம்னு சொன்னீங்க" என்றார். நான் அவர் காலில் விழப் போனேன். தடுத்துவிட்டு, நாளைக்குப் போடுகிறேன் என்றார்.

மறுநாள் போட்டார்கள். அரைமணி கழித்து உள்ளே கொண்டுபோனார்கள். நான் வழக்கம்போலக் கதவோரம் நின்றேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. தட்டில் கத்தரிக்கோல் வைக்கும் சத்தம் கேட்டது. நடுவில் இரண்டொரு முனகல். முருகன் பெயர் ஒருமுறைகூட வரவில்லை.

அங்கேயே சுவரோடு உட்கார்ந்துவிட்டேன். பதினோரு நாள் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

அன்று ஷிப்டுக்குப் போகவில்லை. மாலையில் அவளிடம், ஏன் நீயாவது ஊசி கேட்கக்கூடாதா என்றேன். கேட்டிருக்கவே கூடாது. பழியை அவள் தலையில் கொஞ்சம் இறக்கிவைக்கப் பார்த்தேன் போலிருக்கிறது. அவள் கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீதானே கத்தாதன்னே. கத்துனா உனுக்கு மானம் பூடுமேன்னு அந்தப் பேர வச்சிகினு கத்துனேன்."

இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தாள். வெந்த இடது கை முழங்கையில் மடங்கியபடியே நின்றுவிட்டது, நீட்ட வரவில்லை. சமைத்தாள், பெருக்கினாள், யாரிடமும் என்னைக் குறை சொல்லவில்லை. காலையில் நான் படத்துக்கு முன்னால் வாயைத் திறந்தால் மட்டும் எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவாள். அதனால் வாய்விட்டுக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். உதடு மட்டும் அசையும். அதற்கும் சில நாள் அவள் எழுந்து போனாள்.

அவள் பிழைத்தால் திருத்தணிக்கு இரண்டு பேருமாகப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தேன். ஆடிக் கிருத்திகை வந்தது. மஞ்சள் புடவை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் அதை மடிப்புக் கலையாமல் என் பக்கமே நகர்த்தினாள்.

"நீ போய்ட்டு வா. நான் கூப்புட வேண்டியதெல்லாம் கூப்ட்டாச்சு."

ஒற்றைக் குடத்தோடு போய்வந்தேன்.